அதே எலுமிச்சைப்புல் எண்ணெய், கிருமி மட்டும் சாகவில்லை: ஏன்?

கேள்வி: நீலகிரி மாவட்டத்தில் எங்கள் மகளிர் குழு, எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்துத் தரை துடைக்கும் திரவம் தயாரிக்கிறது. ஒரு லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய். ஒரு மூடி (20 மி.லி.) எடுத்து 10 லிட்டர் வாளித் தண்ணீரில் கலக்கச் சொல்கிறோம். போன ஆண்டு ஆய்வகத்தில் கொடுத்தபோது ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 22 மி.மீ. வந்தது. இந்த ஆண்டு வேறு வியாபாரியிடம் எண்ணெய் வாங்கினோம். அதே ஆய்வகம், அதே கிருமி, ஆனால் 9 மி.மீ. தான். திரவம் கலங்கலாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னதால் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பாலிசார்பேட் 80-ஐ 2 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக ஆக்கினோம். வேறு எதையும் மாற்றவில்லை. எண்ணெயின் ஜி.சி. அறிக்கையில் (எந்தச் சேர்மம் எத்தனை சதவீதம் என்று காட்டுவது) முன்பு சிட்ரால் 79 சதவீதம் இருந்தது. இப்போது சிட்ரால் 62, மிர்சின் 14. எண்ணெயில் கலப்படமா? எங்கள் ஊர் நீலகிரித் தைலம் சேர்த்தால் வலு கூடுமா? மொத்த வியாபாரி, "99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்" என்று லேபிளில் போடச் சொல்கிறார். அதற்கு எந்த எண்ணெய் வேண்டும்?

பதில்: "வேறு எதையும் மாற்றவில்லை" என்கிறீர்கள். அந்த வரிக்கு முந்தைய வரியில்தான் சங்கதி இருக்கிறது. பாலிசார்பேட்டை நான்கு மடங்காக்கியிருக்கிறீர்கள். 22 மி.மீ. 9 மி.மீ. ஆனதில் பெரும்பங்கு அதற்குத்தான். எண்ணெய்க்கும் ஒரு பங்கு உண்டு, அதை முதலில் பார்த்துவிடலாம்.

எலுமிச்சைப்புல் என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் சந்தையில் இருக்கின்றன. கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பயிராவது சிம்போபோகன் ஃப்ளெக்சுவோசஸ். பழைய வணிகத்தில் 'கொச்சின் எண்ணெய்' என்று பெயர் வாங்கியது இதுதான். ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்தின் ஓ.டி.-19 ரகமும் இந்த இனம். இதில் சிட்ரால் பொதுவாக 75 சதவீதத்தை ஒட்டியோ மேலாகவோ இருக்கும், மிர்சின் மிகக் குறைவு. இன்னொன்று சிம்போபோகன் சிட்ரேட்டஸ், வீட்டுத் தோட்டத்தில் டீக்கு வைப்பது. இதில் மிர்சின் 10 முதல் 20 சதவீதம் வரை இருப்பது சாதாரணம், அந்த அளவுக்குச் சிட்ரால் இறங்கும். உங்கள் புதிய அறிக்கையில் மிர்சின் 14 இருப்பதைப் பார்த்தால், யாரோ எதையோ கலந்தார்கள் என்பதைவிட, இனமே வேறு என்று தோன்றுகிறது. வியாபாரியைத் திட்டுவதற்கு முன் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். கையோடு ஒரு சோதனையும் செய்யலாம்: 1 மி.லி. எண்ணெயில் 70 சதவீத ஆல்கஹால் 3 மி.லி. விட்டுக் குலுக்குங்கள். ஃப்ளெக்சுவோசஸ் எண்ணெய் தெளிவாகக் கரைந்துவிடும். சிட்ரேட்டஸ் எண்ணெய் கலங்கி நிற்கும், நாள்பட்டதென்றால் இன்னும் மோசமாக. மிர்சின் காற்றுபட்டுத் தன்னோடு தானே கோத்துக்கொண்டு பிசினாவதுதான் காரணம். உங்கள் திரவம் கலங்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதைத் தெளிய வைக்கப் போய்த்தான் பாலிசார்பேட்டைக் கூட்ட வேண்டி வந்திருக்கிறது.

சிட்ரால் 79-லிருந்து 62-க்கு இறங்கியது ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நட்டம். ஆனால் அது மட்டுமே வட்டத்தை இப்படிச் சுருக்காது. சோதனைக்குப் பயன்படும் காகித வில்லையின் குறுக்களவே 6 மி.மீ. ஆகவே 9 மி.மீ. வட்டம் என்றால் வில்லையைச் சுற்றி ஒன்றரை மி.மீ. விளிம்பு மட்டும்தான். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று பொருள்.

பாலிசார்பேட் என்ன செய்கிறது என்பதற்கு ஆய்வகத்திலேயே சாட்சி இருக்கிறது. கிருமிநாசினியைச் சோதிக்கும்போது, குறித்த நிமிடம் முடிந்ததும் அதன் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமுள்ள மருந்து தட்டிலும் வேலை செய்து கணக்கைக் கெடுக்கும். ஃபீனால் வகைகளை நிறுத்துவதற்கு அவர்கள் ஊற்றும் நடுநிலையாக்கியில் இதே பாலிசார்பேட் 80 ஒரு முக்கியப் பொருள். மருந்தை முறிக்க அவர்கள் வைத்திருப்பதை நீங்கள் மருந்துக்குள்ளேயே 8 சதவீதம் ஊற்றிவிட்டீர்கள்.

இது நடக்கும் விதம் எளியது. பாலிசார்பேட் போன்ற பரப்பு இயக்கிகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தண்ணீருக்குள் மைசெல் எனப்படும் நுண்ணிய உருண்டைகளாகக் கூடும். வெளிப்புறம் நீரை விரும்பும், உட்புறம் எண்ணெயை விரும்பும். சிட்ரால் அந்த உட்புறத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிபோலத் தெளிந்த திரவம் என்றால் எண்ணெய் முழுக்க மைசெல்லுக்குள் அடைபட்டது என்றுதான் அர்த்தம். கிருமியின் சவ்வைத் தொடுவது தண்ணீரில் தனியாகத் திரியும் மூலக்கூறு மட்டுமே. எனவே தெளிவுக்கும் வீரியத்துக்கும் இடையில் இழுபறி எப்போதும் இருக்கும். சற்றுக் கலங்கலான திரவம் நன்றாக வேலை செய்வதும், பளிச்சென்ற திரவம் தோற்பதும் இந்தத் தொழிலில் அன்றாடம் காண்பவை.

இப்போது எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே எண்ணெயின் பெயரை மறந்துவிட்டு அதற்குள் இருக்கும் பொருட்களைப் பார்க்க வேண்டும். ஒரு நறுமண எண்ணெயில் பத்து முதல் நூறு வரை சேர்மங்கள் இருக்கும், ஆனால் வேலையின் பெரும்பகுதியை இரண்டு மூன்று சேர்மங்களே செய்யும். வலுவில் முதல் வரிசை ஃபீனால்கள்: ஓமத்தின் தைமால், ஓரிகானோவின் கார்வக்ரால், கிராம்பின் யூஜினால். அவற்றோடு நிற்கக்கூடியது பட்டையின் சின்னமால்டிஹைடு. அடுத்து சிட்ரால் போன்ற ஆல்டிஹைடுகள். அதற்கும் கீழே ஜெரானியால், டெர்பினன்-4-ஆல், லினலூல் போன்ற ஆல்கஹால்கள். கீட்டோன்களும் எஸ்டர்களும் மெலிந்தவை. லிமொனீன், பைனீன், மிர்சின் போன்ற வெறும் ஹைட்ரோகார்பன்கள் கடைசி.

இந்த வரிசைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஃபீனாலில் உள்ள ஓ.எச். தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதி). கார்வக்ரால் சவ்வுக்குள் நுழைந்து புரோட்டானை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுமந்துவிட்டுத் திரும்பும். கிருமி தன் ஆற்றலைச் சேமித்து வைக்கும் மின்வேறுபாடு அதனால் வடிந்துபோகும், உள்ளிருக்கும் பொட்டாசியமும் கசியும். அந்த ஓ.எச்.-இல் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மெதில் தொகுதியை ஒட்டினால் வாசனை மிஞ்சும், கொல்லும் வேலை போய்விடும். உருவத்தில் கார்வக்ராலேபோல இருந்தும் ஓ.எச். இல்லாத பாரா-சைமீன் தனியாக ஒன்றும் செய்யாததும் இதனால்தான்.

இரண்டாவது, தண்ணீரில் கரையும் அளவு. கிருமியின் சவ்வு கொழுப்பு, அதற்குள் போக எண்ணெய்த்தன்மை வேண்டும். ஆனால் சவ்வு வரை போய்ச் சேரத் தண்ணீரில் கொஞ்சமாவது கரைய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் யூஜினால் 2 கிராமுக்கு மேல் கரையும். கார்வக்ரால் ஒரு கிராமை ஒட்டியும் தைமால் சுமார் 0.9 கிராமும் கரையும். லிமொனீன் 15 மில்லிகிராம்கூடக் கரையாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கறை நீக்குவதில் சூரனாக இருந்தும் கிருமி விஷயத்தில் சோப்ளாங்கியாக இருப்பது இதனால்தான்.

நீலகிரித் தைலம் பற்றிச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். யூகலிப்டஸ் குளோபுலஸ் இலை எண்ணெயில் பெரும்பகுதி 1,8-சினியோல். ஐரோப்பிய மருந்தேடு குறைந்தது 70 சதவீதம் கேட்கிறது. சினியோல் மூக்கடைப்புக்கு நல்லது, பிசுக்கை எடுக்கும், பிற பொருட்கள் சவ்வுக்குள் நுழைய வழிவிடும். ஆனால் தனியாகக் கிருமியைக் கொல்ல அதிக அளவு வேண்டும். மூக்கைத் துளைக்கும் வாசனையை வலு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், பாக்டீரியாவுக்கு மூக்கு கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தைலத்தோடு வரும் பைனீனும் லிமொனீனும் திரவத்தில் எண்ணெய்த் துளிகளைப் பெருக்கும். தண்ணீரில் கரைய வேண்டிய சிட்ரால் அந்தத் துளிகளுக்குள் இழுபடும். தேயிலை மர எண்ணெயில் டெர்பினன்-4-ஆலின் வேலையை அதோடு இருக்கும் ஹைட்ரோகார்பன்களே மட்டுப்படுத்துவதைப் பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வாசனைக்கு வேண்டுமானால் கால் சதவீதம் சேருங்கள். வலுவுக்கென்று சேர்க்க வேண்டாம். எலுமிச்சை வாசனை வரும் இன்னொரு தைல மரம், சிட்ரியோடோரா, உங்கள் பக்கம் உண்டு. அதன் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரோனெல்லால், சினியோல் அல்ல. இரண்டும் 'யூகலிப்டஸ் ஆயில்' என்ற ஒரே லேபிளில் விற்கப்படுவதால் வாங்கும்போது கவனம்.

பெயரை நம்பக்கூடாது என்பதற்கு இலங்கையின் கறுவா மரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஒரே மரம். பட்டையைக் காய்ச்சினால் சின்னமால்டிஹைடு, பாதிக்கு மேல். இலையைக் காய்ச்சினால் யூஜினால், முக்கால் பங்குக்கு ஒட்டி. வேர்ப்பட்டையைக் காய்ச்சினால் கற்பூரம். 'கறுவா எண்ணெய்' என்று மட்டும் போட்ட புட்டி உங்களிடம் வந்தால் இந்த மூன்றில் எது என்று யாருக்குத் தெரியும்? துளசியிலும் இதே கதை. யூஜினால் மிகுந்த துளசியும் உண்டு, மெதில் யூஜினால் மிகுந்த துளசியும் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். முன்னதில் ஓ.எச். இருக்கிறது, பின்னதில் அது மெதிலால் மூடப்பட்டுவிட்டது. அதோடு மெதில் யூஜினாலுக்கு விலங்குச் சோதனைகளில் புற்றுநோய்க் கெட்ட பெயரும் இருக்கிறது. தெற்குப் பிரான்சின் தைம் செடியில் இப்படி ஆறு வேதிவகைகளைப் பிரித்திருக்கிறார்கள்: தைமால், கார்வக்ரால், லினலூல், ஜெரானியால், ஆல்ஃபா-டெர்பினியால், துயனால். ஒரே மலைச்சரிவில் உயரம் மாறினால் வகை மாறும். நம் வீட்டுக் கற்பூரவல்லியிலும் கார்வக்ரால் வகை, தைமால் வகை என இரண்டும் உண்டு.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது ஓமம். விதையைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் தைமால் 35 முதல் 60 சதவீதம், மீதி பெரும்பாலும் காமா-டெர்பினீனும் பாரா-சைமீனும். பாரா-சைமீன் தனியாகக் கொல்லாவிட்டாலும் சவ்வை உப்பவைத்து ஃபீனால் நுழைய உதவும், ஆகவே கூடவே இருந்தால் நட்டமில்லை. எண்ணெயைக் குளிர வைத்தால் தைமால் படிகமாகப் பிரியும். நாட்டு மருந்துக் கடையில் 'ஓம உப்பு' என்று விற்பது அதுதான். முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போனது இந்தத் தைமாலுக்காகத்தான். லிஸ்டரின் வாய் கொப்பளிப்பானின் பழைய கலவையில் தைமால் 0.064 சதவீதம், சினியோல் 0.092 சதவீதம், அவற்றோடு மெந்தாலும் மெதில் சாலிசிலேட்டும். சினியோலைவிடத் தைமால் அளவில் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் பரப்புகளைத் துடைப்பதற்குப் பதிவுபெற்ற தைமால் திரவங்கள் சிலவற்றில் 0.05 சதவீதம் தைமால் இருக்கிறது. வழக்கமான நிபந்தனை: பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். 0.05 சதவீதம் என்றால் லிட்டருக்கு அரை கிராம். கரையும் அளவான 0.9 கிராமுக்கு உள்ளே நிற்கிறது. அதனால் பரப்பு இயக்கி அதிகம் தேவைப்படாது, மைசெல் சிறையும் இல்லை.

இங்கே உங்கள் வாளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 20 மி.லி. திரவத்தில் எண்ணெய் 0.4 மி.லி. அது 10 லிட்டரில் கலந்தால் 0.004 சதவீதம். எலுமிச்சைப்புல் எண்ணெய் ஸ்டெஃபைலோகாக்கஸின் வளர்ச்சியைத் தடுக்கவே, ஆய்வகத்தின் சாதகமான சூழலில், 0.06 சதவீதம் வாக்கில் தேவைப்படும். தடுப்பதற்கு! கொல்வதற்கு அல்ல. அதுவும் ஓர் இரவு முழுக்கக் கிருமியோடு இருந்தால். நீங்கள் சொல்லும் கலவையில் எண்ணெய் அதைவிடப் பதினைந்து மடங்கு குறைவு, தரையோ ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். போன ஆண்டு 22 மி.மீ. வந்த திரவமும் வாளிக்குள் போனபின் கிருமியைக் கொல்லவில்லை. அழுக்கை எடுத்தது, மணத்தது, அவ்வளவுதான். அழுக்கோடு கிருமிகளும் கணிசமாகப் போகும் என்பது உண்மை, அது துடைப்பானின் புண்ணியம்.

ஆகவே இரண்டு பொருளாகப் பிரியுங்கள். வாளிக்குப் போவது 'மணமுள்ள தரைத் துடைப்பு' என்று இருக்கட்டும், கிருமிப் பேச்சு வேண்டாம். கொல்லும் வேலைக்குத் தண்ணீர் கலக்காமல் நேரே தெளிக்கும் திரவம் ஒன்று செய்யலாம். முயன்று பார்க்க ஒரு தொடக்க அளவு தருகிறேன், ஒரு லிட்டருக்கு:

தைமால் படிகம் 0.5 கிராம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 50 மி.லி., சிட்ரிக் அமிலம் 2 கிராம், அயனியற்ற பரப்பு இயக்கி 1 கிராம், மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். முதலில் தைமாலை ஆல்கஹாலில் முழுதாகக் கரையுங்கள். தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தையும் பரப்பு இயக்கியையும் தனியே கரைத்து வைத்து, அதைக் கலக்கிக்கொண்டே ஆல்கஹால் கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால், அதாவது படிகத்தை நேரே தண்ணீரில் போட்டால், கரையாமல் கிடக்கும். ஐசோபுரோப்பைல் தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

படிகத்துக்குப் பதில் ஓம எண்ணெய் போடுவதானால், தேவையான தைமாலை எண்ணெயின் தைமால் விகிதத்தால் வகுங்கள். 50 சதவீத எண்ணெய் என்றால் 1 கிராம், 40 சதவீதம் என்றால் 1.25 கிராம். திரவம் லேசாகக் கலங்கும், கலங்கட்டும். ஒவ்வொரு முறை எண்ணெய் வரும்போதும் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். 'லிட்டருக்கு இத்தனை மி.லி. எண்ணெய்' என்று நிரந்தரமாக எழுதி வைத்த சூத்திரம் உங்களைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிட்ரிக் அமிலம் ஏன் என்று கேட்பீர்கள். தைமால், யூஜினால் இரண்டும் மெல்லிய அமிலங்கள். பி.எச். 10-ஐ நெருங்கும்போது அவை புரோட்டானை இழந்து மின்னேற்றம் பெறும். மின்னேற்றம் பெற்ற வடிவம் சவ்வுக்குள் போகாது. கையால் செய்யும் சோப்பில் கிராம்பு எண்ணெய் போட்டுவிட்டுக் கிருமி சாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். சோப்பின் பி.எச். 9.5 முதல் 10.5 வரை. கூடுதலாக, யூஜினால் சோப்பைப் பழுப்பாக்கி, கலவையைச் சட்டென்று இறுக்கியும் விடும். உங்கள் குழுவில் சோப்பும் செய்கிறீர்கள் என்றால் அதில் எண்ணெயை வாசனையாக மட்டும் கணக்கில் வையுங்கள்.

எண்ணெய் வாங்கும்போது ஜி.சி. அறிக்கை கேட்கிறீர்கள், நல்ல பழக்கம். அதில் தாவரவியல் பெயர், செடியின் பாகம், காய்ச்சிய மாதம், தொகுதி எண் நான்கும் இருக்கிறதா பாருங்கள். பல அறிக்கைகள் வேறு ஏதோ தொகுதிக்கு எடுத்தவை, எண்ணெயோ நேற்று வந்தது. ஓம எண்ணெய்க்கு நீங்களே ஃபீனால் அளவு பார்க்கலாம். கழுத்தில் 0 முதல் 10 மி.லி. வரை கோடு போட்ட 150 மி.லி. காசியா குடுவை ஒன்று வேண்டும். 10 மி.லி. எண்ணெயை விட்டு, 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். ஃபீனால் கரைசலுக்குள் போய்விடும். பிறகு அதே கரைசலை ஊற்றி மட்டத்தைக் கழுத்துக்கு ஏற்றி, ஓர் இரவு விடுங்கள். கழுத்தில் மிதப்பது 5.2 மி.லி. என்றால் ஃபீனால் 48 சதவீதம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், அந்தக் காரம் கண்ணைப் பறிக்கும். கிராம்பு எண்ணெய்க்கும் இதே முறைதான், ஆனால் வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும். அப்போதுதான் யூஜினைல் அசிட்டேட்டும் உடைந்து கணக்கில் சேரும். சிட்ராலுக்கு இந்த வழி உதவாது, ஹைட்ராக்சில் அமீன் கொண்டு ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

கலப்படத்துக்கு இன்னும் எளிய வழிகள் உண்டு. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். பிசுக்கு வட்டம் மிஞ்சினால் தேங்காய் எண்ணெயோ கனிம எண்ணெயோ ஆவியாகாத கரைப்பானோ கலந்திருக்கிறது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, சொட்டு அடியில் இறங்க வேண்டும். மிதந்தால் சந்தேகப்படுங்கள். செயற்கைச் சிட்ரால் சேர்த்து எலுமிச்சைப்புல் எண்ணெயின் எண்ணை உயர்த்தியிருந்தால் வடிதாள் காட்டிக்கொடுக்காது. ஆனால் கிருமியைப் பொறுத்தவரை செயற்கைச் சிட்ராலும் சிட்ரால்தான். 'இயற்கை' என்று நீங்கள் லேபிளில் போடுவதால்தான் அது பிரச்சினை.

வைப்பிலும் நிறைய கெடுகிறது. சிட்ரால் காற்றுபட்டால் ஆக்சிகரணமாகும், அமிலம் பட்டால் உருமாறிப் பாரா-சைமீன் போன்ற பயனற்ற பொருட்களாகும். உங்கள் தரைத் திரவத்தில் சிட்ரால் இருக்கும்போது சிட்ரிக் அமிலத்தை அள்ளிப் போடாதீர்கள். மேலே சொன்ன அமிலச் சூத்திரம் தைமாலுக்கு மட்டும். பாதி காலியான பீப்பாய் மிக மோசம், மேலே இருக்கும் காற்றுதான் எதிரி. வந்ததும் சிறிய அலுமினியக் குடுவைகளிலோ பழுப்புக் கண்ணாடி ஜாடிகளிலோ விளிம்புவரை நிரப்பி மாற்றுங்கள். அடியில் தண்ணீர் தெரிந்தால் நீரற்ற சோடியம் சல்பேட்டைத் தெளியும்வரை சேர்த்துக் குலுக்கி வடிகட்டிவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கேன் வேண்டாம். இரும்பும் வேண்டாம், கிராம்பு எண்ணெய் இரும்பு பட்டாலே கறுத்துப்போகும்.

இனி ஆய்வகம். வில்லை வைத்து வட்டம் அளக்கும் முறை, தண்ணீரில் கரையும் ஆன்டிபயாட்டிக்குகளுக்காக உருவானது. எண்ணெய், கிருமி வளர்க்கும் கூழான அகாரில் சரியாகப் பரவாது, பாதி ஆவியாகிவிடும். வில்லையில் எத்தனை மைக்ரோலிட்டர் விட்டார்கள், அகார் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து வட்டம் மாறும். ஒரே தட்டில் இரண்டு தொகுதிகளை ஒப்பிட ஓரளவு உதவும், கொல்லும் திறனுக்குச் சான்றாகாது. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. எண்ணெய்களை ஒப்பிடுவதற்குக் குழம்பு நீர்ப்பு முறையில் (ஊட்டத் திரவத்தில் எண்ணெயைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பது) குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு, அதாவது கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவு. எண்ணெயைக் கலக்க ட்வீனுக்கு (பாலிசார்பேட்டின் வணிகப் பெயர்) பதில் 0.15 சதவீத அகார் போடச் சொல்லுங்கள், தட்டை மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு குழியின் ஆவி பக்கத்துக் குழியிலும் கிருமியைத் தடுத்துப் பொய்க் கணக்கு காட்டும். முடிந்த பொருளுக்கு வேண்டியது தொங்கல் முறைச் சோதனை, அதாவது கிருமிகளைத் திரவத்திலேயே கலந்துவிட்டு, நேரம் குறித்துப் பார்ப்பது. ஐரோப்பாவின் ஈ.என். 1276 தரநிலை இதில் 5 நிமிடத்தில் 5 மடக்கை குறைவைக் கேட்கிறது, அதாவது லட்சத்தில் ஒன்றுக்கு மேல் மிஞ்சக்கூடாது. அழுக்குத் தரைக்கு ஒப்பாக லிட்டருக்கு 3 கிராம் ஆல்புமின் புரதத்தையும் சேர்ப்பார்கள். புரதமும் கொழுப்பும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் உங்கள் திரவம் இந்த இடத்தில்தான் உண்மையாகச் சோதிக்கப்படும். நடுநிலையாக்கி பயன்படுத்தினார்களா, அது சரியாக வேலை செய்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

நான்கு கிருமிகளைச் சோதிப்பது வழக்கம். அவற்றில் சூடோமோனாஸ் ஏருஜினோசாதான் உங்களுக்குத் தலைவலி. அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது, எண்ணெய்ப் பசையுள்ள எதையும் எளிதில் விடாது. நுழைந்ததையும் பம்ப் வைத்து வெளியே தள்ளும். தேயிலை மர எண்ணெய்க்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒரு சதவீதத்துக்குள் அடங்கினால், இதற்குச் சில சமயம் 8 சதவீதம்வரை ஆகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எண்ணெயைப் பரப்பு இயக்கிக்குள் பூட்டிவிட்ட உங்கள் இப்போதைய திரவத்திலேயே சூடோமோனாஸ் வளரலாம். துடைக்கும் திரவங்கள் இந்தக் கிருமியால் கெட்டுப்போவது அறியப்பட்ட சங்கதி. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு புட்டியை ஒதுக்கி 30 நாள் கழித்து மொத்தக் கிருமி எண்ணிக்கை பாருங்கள். தேவைப்பட்டால் தகுந்த பாதுகாப்புப் பொருளைச் சேர்த்தே ஆக வேண்டும், 'இயற்கை' என்ற சொல்லுக்காக இதில் சமரசம் வேண்டாம்.

99.9 என்ற எண்ணைப் பற்றி: பத்து லட்சத்தில் ஆயிரம் உயிரோடு மிஞ்சினாலும் அது 99.9 தான். எந்தக் கிருமி, எத்தனை நிமிடம், எந்த நீர்ப்பு என்ற மூன்றும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. கிருமிநாசினித் திரவங்களுக்கு மருந்து மற்றும் அழகுசாதன விதிகளில் தனி அட்டவணையே உண்டு, அட்டவணை 'ஓ'. ஆகவே 'கிருமிநாசினி', 'கிருமிகளைக் கொல்லும்' என்று அச்சடிப்பதற்கு முன் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் உரிமம் பற்றி எழுத்தில் கேட்டுவிடுங்கள். மொத்த வியாபாரிக்கு அவசரம் இருக்கலாம், லேபிளில் பெயர் உங்களுடையது.

தெளிப்பானில் ஒரு எச்சரிக்கை வரி போடுங்கள்: பூனை இருக்கும் வீட்டில் தரை காயும்வரை அதை உள்ளே விட வேண்டாம். ஃபீனால்களை உடலிலிருந்து கழிக்கும் நொதி பூனைக்கு மிகக் குறைவு, பாதத்தை நக்கியே அது நோயில் விழும். பட்டை எண்ணெயைத் தோலில் படும் பொருள் எதிலும் சேர்க்காதீர்கள், சின்னமால்டிஹைடு ஒவ்வாமையைக் கிளப்பும்.

கையிருப்பில் உள்ள எண்ணெயை வீணாக்க வேண்டாம். பாலிசார்பேட்டை மறுபடி 2 சதவீதத்துக்கு இறக்குங்கள், எண்ணெயையும் லிட்டருக்கு 5 மி.லி. ஆகக் குறைத்து வாளித் திரவத்துக்கு வாசனையாகப் பயன்படுத்துங்கள். அந்த அளவில் கலங்கலும் பெரிதாகத் தெரியாது. அடுத்த ஆர்டரில் ஃப்ளெக்சுவோசஸ், சிட்ரால் 75-க்குக் குறையாமல், மிர்சின் 2-க்கு மேல் இல்லாமல் என்று எழுதியே அனுப்புங்கள்.